சிறப்பான சிரப்பு

நவம்பர் 3, திங்கள்

வீட்டில் மூன்று மூக்குகள் ஒழுகுகின்றன. என்னுடையது மட்டும்தான் ஒழுக்கமாக இருக்கிறது.

அப்பாவுக்குத்தான் மோசம். காய்ச்சல் விட்டுவிட்டது, இருமல் விடவில்லை. இருமல் என்றால் மரியாதையாக இரண்டு தடவை வந்துவிட்டுப் போக வேண்டும். இவருக்கு வருவது நூறுமல். லீவு போடுங்கள் என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். அவர் வேலை செய்யும் லேபிள் அச்சகத்துக்குப் புது மெஷின் வரப்போகிறது. எட்டு கலரும் ஒரே ஓட்டத்தில் விழுமாம். டிசம்பர் நடுவில் இரண்டு பேரைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பழைய மெஷினோடு மல்லுக்கட்டியவர் அப்பா. "படுத்துக் கிடக்கிறவனை எவன் கூப்பிடுவான்?" என்று ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் அம்மா என்னை மருந்துக்கடைக்கு விரட்டினாள். மூலிகை சிரப் வாங்கி வா, அது ஒன்றும் பண்ணாது, ஏற்கெனவே அவர் பிபிக்கு இரண்டு மாத்திரை முழுங்குகிறார், அதற்கு மேல் இங்கிலீஷ் மருந்து எதுவும் வேண்டாம் என்றாள்.

கடையில் கூட்டம். மருந்துக்கடை அக்கா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு, வேறு ஏதாவது மாத்திரை எடுக்கிறார்களா என்று கேட்டாள். நான் முதுகைக் கூனிக்கொண்டு, "எனக்குத்தான்டியம்மா. போன மாசம்தான் எழுபது முடிஞ்சுது" என்று நடுங்குகிற குரலில் சொன்னேன். வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

இன்றைய கைதட்டல் எனக்கே.

நவம்பர் 4, செவ்வாய்

பாட்டிலுக்குப் பெயர் சூட்டு விழா முடிந்தது.

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் பிறந்த பெயரோடு இருக்க முடியாது. அச்சகத்தில் ரோல் தீரும்போது கடைசியில் கொஞ்சம் வெள்ளை ஸ்டிக்கர் மிஞ்சும். அப்பா அதை எனக்குக் கொண்டுவந்து கொடுப்பார். என்னிடம் மார்க்கர் பேனா இருக்கிறது. போதாதா? உப்பு ஜாடி மேல் 'கண்ணீர்ப் பொடி'. அண்ணனின் ஷாம்பு மேல் 'முடிவுரை' (அவனுக்குக் கொட்டுகிறது, பாவம்). அண்ணன் என்னை ஒட்டுண்ணி என்றுதான் கூப்பிடுவான். நான் அவனைத் தீர்ப்பு என்று கூப்பிடுவேன், எதைப் பார்த்தாலும் ஒரு தீர்ப்பு சொல்லாமல் நகரமாட்டான் என்பதால்.

சிரப் பாட்டிலின் முதுகுப்பக்கம் குட்டிக் குட்டி எழுத்தாக ஒரு ஊரே குடியிருந்தது. அதன் மேல் அழுத்தி ஒட்டினேன்:

சிறப்பான சிரப்பு
நூறுமலுக்கு ஒரே மருந்து
அளவு: மூடு வந்தால் ஒரு மூடி. வராவிட்டால் வரும்வரை.
எச்சரிக்கை: அடுத்தவருக்குக் கொடுத்தால் தீர்ந்துவிடும்.

அப்பா படித்துவிட்டுச் சிரித்தார். சிரித்து இருமினார். இருமிவிட்டு ஒரு மூடி குடித்தார். "மூடு இன்னும் வரலியே" என்று இன்னொன்று.

அண்ணன், கீழே அளவு ஏதாவது போட்டிருக்குமே, அதை மறைத்துவிட்டாளே என்றான். அப்பா கையை ஆட்டினார்.

"நான்தானேடா அதையெல்லாம் அச்சடிக்கிறேன். நாலு பாயின்ட் பொடி எழுத்து. கேஸ் வந்தா வக்கீல் எடுத்துக் காட்டுறதுக்குப் போடுறது. குடிக்கிறவனுக்கு இல்ல."

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. பினாயில் பாட்டிலில் இருந்து ஜாம் பாட்டில் வரைக்கும் அவர் அச்சடித்த எச்சரிக்கைகளை அடுக்கினால் எங்கள் மாடிப்படி உயரம் வரும். ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. எழுத்து நேராக விழுந்ததா, கலர் கலங்கியதா, அவ்வளவுதான் பார்ப்பார்.

நவம்பர் 6, வியாழன்

அம்மாவுக்கும் அண்ணனுக்கும் சளி போய்விட்டது. அப்பா சிரப்பைப் பிடித்துக்கொண்டார். இனிப்பாக இருக்கிறதாம். தொண்டையில் பட்டுத்துணி போட்டது போல இருக்கிறதாம்.

நவம்பர் 11, செவ்வாய்

இரண்டாவது பாட்டில். அம்மாவே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வரும் வழியில் வாங்கி வந்தாள். நான் பழைய லேபிளைப் போலவே புதிதாக ஒன்று எழுதி ஒட்டினேன். அப்பா கேட்டு வாங்கி ஒட்டவைத்தார் என்றே சொல்ல வேண்டும். "லேபிள் இல்லாத பாட்டிலை நான் தொட மாட்டேன், தொழில் தர்மம்."

இருமல் பாதி குறைந்திருக்கிறது. சிரப் பாதி குறையவில்லை, முழுசாகக் குறைகிறது.

நவம்பர் 15, சனி

அப்பாவுக்குத் தலைவலி. மெஷின் சத்தம் என்றார்.

நவம்பர் 18, செவ்வாய்

ஒரு விஷயம் எழுதி வைக்கிறேன், அப்புறம் மறந்துபோகும்.

அப்பா வேலையில் இருந்து வந்து சோபாவில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினார். கணுக்காலைச் சுற்றி எலாஸ்டிக் பதிந்த பள்ளம். எல்லாருக்கும் விழும், எனக்கும் விழும். எனக்கு ஐந்து நிமிஷத்தில் போய்விடும். அவருக்குச் சாப்பாடு முடிந்து, கை கழுவி, செய்தி முடிந்த பிறகும் இருந்தது. நான் விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்து அப்படியே நின்றது, மாவில் அழுத்தினாற்போல.

"அப்பா, உங்க கால்ல டோர்பெல் இருக்கு" என்றேன். அழுத்தி "டிங் டாங்" என்றேன். சிரித்தார்.

எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 20, வியாழன்

எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அப்பா எப்போதும் இரண்டாவது மாடியில் இருந்தே என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வருவார், கதவைத் திறந்து வை என்று. இன்று சத்தமே இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மூச்சு வாங்கவில்லை. சும்மா நின்றிருந்தார். அடுத்த படிக்குக் காலைத் தூக்கச் சொல்லி யாரிடமோ அனுமதி கேட்டுக் காத்திருப்பவர் மாதிரி.

என்னைப் பார்த்ததும், "படிக்கட்டு வளர்ந்துடுச்சு" என்றார்.

ஜோக்தான். எனக்கே பிடித்த மாதிரியான ஜோக். அதனால்தான் பயமாக இருந்தது.

நவம்பர் 21, வெள்ளி

பாட்டிலின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது?

பதினெட்டு நாளாக யாரும் கேட்காத கேள்வி. இன்று நான் என்னைக் கேட்டேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து என் ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தேன். அச்சகத்துப் பசை சும்மா வருமா? என் எழுத்தோடு கம்பெனி எழுத்தும் தோல் மாதிரி உரிந்து வந்தது. மிஞ்சியது கண்ணாடியும் 'நாட்களுக்கு மேல்' என்ற இரண்டு வார்த்தையும்.

எத்தனை நாட்களுக்கு மேல்? மேல் போனால் என்ன?

நவம்பர் 22, சனி

மருந்துக்கடைக்குப் போனேன். புது பாட்டில் ஒன்றைக் காட்டச் சொல்லி வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் படித்தேன். அப்படியே எழுதுகிறேன்.

அளவு மூடியால் அளந்து, பெரியவர்களுக்கு இரண்டு ஸ்பூன், ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஏழு நாட்களுக்கு மேல் மருத்துவரைக் கேட்காமல் தொடர வேண்டாம். அதிமதுரம் சேர்ந்தது. உயர் ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் தவிர்க்கவும்.

அப்பாவின் இரண்டாவது மாத்திரை நீர் பிரியும் மாத்திரை. அதை வைத்து அவரே ஜோக் அடிப்பார், "டாக்டர் என்னை பாத்ரூமுக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டார்" என்று.

அக்கா என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எந்தக் கிழவிக்கு வாங்கினாய் என்று சிரிக்காமல் கேட்டாள். சொன்னேன். எத்தனை நாளாக என்றாள். சொன்னேன். ஒரு நாளைக்கு எவ்வளவு என்றாள். எனக்குத் தெரியாது. மூடு வரும் வரை.

அதிமதுரம் கெட்டதில்லையாம். தொண்டைக்கு நல்லதுதானாம். ஆனால் அளவு மீறி, நாளும் மீறினால் உடம்பில் உப்பும் நீரும் தங்கிப் பிபி ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீர் மாத்திரை தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் இறக்கும். பொட்டாசியம் இறங்கினால் தசை சொன்ன பேச்சைக் கேட்காது.

"இதயமும் தசைதான், தெரியும்ல?" என்றாள் அக்கா. "இன்னைக்கே நிறுத்தச் சொல்லு. அப்பாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. பிபி மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க. என்ன?"

சரிக்கா என்றேன்.

நவம்பர் 22, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு

சொன்னேன். சொன்னேன்தானே?

நான் சொன்னது இது: "அப்பா, உங்க சிரப்புல அதிமதுரம் இருக்காம். அதி மதுரம், அதிக ஆபத்து. நிறுத்திடுங்க, இல்லன்னா உங்க இதயம் லீவு போட்டுடும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயைத் திறந்தால் அப்படித்தான் வருகிறது. அண்ணன், இது எத்தனையாவது பிராங்க் என்றான். போன மாதம் நான் அவனுக்கு 'உங்கள் தேர்வு ரத்து' என்று கடிதம் அச்சடித்துக் கொடுத்தது இன்னும் எரிகிறது அவனுக்கு. அப்பா வக்கீல் பேச்சை மறுபடி பேசினார். மூலிகை என்ன பண்ணும் என்றாள் அம்மா.

சிரிக்காமல் சொல்ல வேண்டும் என்றால் முழுவதும் சொல்ல வேண்டும். கடையில் அக்கா கேட்டபோது கிழவி வேஷம் போட்டதை. எழுத்தின் மேல் ஒட்டியதை. ஒட்டியதை உரித்துக் கிழித்ததை. முதல் நாளே அவள் கேட்ட ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியிருந்தால் அந்தப் பாட்டில் இந்த வீட்டுக்குள்ளேயே வந்திருக்காது.

அதைச் சொல்ல வாய் வரவில்லை. இதே வாய்தான்.

நவம்பர் 23, ஞாயிறு

வழி கண்டுபிடித்துவிட்டேன். யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லாத வழி.

எல்லாரும் வெளியே போயிருந்தபோது பாட்டிலைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தேன். சர்க்கரையைக் கருக்கித் தண்ணீர் விட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, வடிகட்டி ஆறவைத்து ஊற்றினேன். கலர் அச்சு அசல். வாசனை முக்கால்வாசி. புது லேபிளும் ஒட்டியாயிற்று. அப்பா ராத்திரி ஒரு மூடி குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். பாட்டிலை மூடி அலமாரியில் வைத்தார்.

என் வாழ்க்கையிலேயே நல்ல பிராங்க் இதுதான். ஒருத்தருக்கும் தெரியாது, ஒருத்தரும் சிரிக்கப் போவதில்லை, ஆனால் ஒருத்தர் பிழைப்பார்.

நவம்பர் 25, செவ்வாய்

ஒரு மூடி, ஒரு மூடி, இன்னொரு மூடி. குடியுங்கள் அப்பா, குடியுங்கள். வெறும் சர்க்கரைத் தண்ணீர்.

நவம்பர் 27, வியாழன்

கால் வீக்கம் குறையவில்லை. நான்கு நாளில் குறையுமா? அக்காவைக் கேட்கலாம். கேட்டால், டாக்டரிடம் போனீர்களா என்பாள்.

"இந்தப் பாட்டில் சரியில்ல, வீரியமே இல்ல" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கருக்கியதில் கசப்பு கூடிவிட்டதோ என்னவோ.

நவம்பர் 30, ஞாயிறு

அப்பா ஜாம் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் அண்ணனிடம் கொடுத்தார். அறுபது கிலோ பேப்பர் ரோலை முட்டுக்கொடுத்து மெஷினில் ஏற்றுகிற கை. அண்ணன் ஒரு திருகில் திறந்துவிட்டு, வயசாகிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னான். அப்பா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் இன்னும் குறையவில்லை? நிறுத்தித்தான் ஏழு நாளாகிறதே. நிறுத்திவிட்டேனே. நானே நிறுத்திவிட்டேனே.

டிசம்பர் 1, திங்கள்

பயிற்சிக்குப் போகிறவர்கள் பட்டியல் வந்துவிட்டது. அப்பா பெயர் முதலில். இரண்டாவது பெயர், வெட்டும் மெஷினில் இருக்கிற அவருடைய நண்பர், எங்களுக்குக் கத்தி மாமா. அப்பா எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். படியேற நேரமானதில் பாதி உருகிவிட்டிருந்தது. பதினைந்தாம் தேதி வண்டி ஏற வேண்டும்.

டிசம்பர் 2, செவ்வாய்

அப்பாவின் சாப்பாட்டுப் பையைக் கழுவுவது இந்த வாரம் என் முறை. பையின் அடியில் ஏதோ பிசுபிசுத்தது. எடுத்தேன்.

அளவு மூடி. சிரப்போடு வரும் அதே பிளாஸ்டிக் மூடி.

ஓடிப்போய் அலமாரியைப் பார்த்தேன். வீட்டுப் பாட்டிலின் மூடி அதன் தலையிலேயே இருக்கிறது.

இரண்டு மூடி.

முகர்ந்து பார்த்தேன். சர்க்கரைத் தண்ணீர் வாசனை இல்லை. அதுவேதான்.

அச்சகத்தில் ஒரு பாட்டில் இருக்கிறது. எப்போதிலிருந்து? வீட்டுப் பாட்டிலில் வீரியம் இல்லை என்று சொன்ன நாளிலிருந்தா? வீட்டில் குடிப்பது வேலை செய்யவில்லை என்று அங்கே இன்னும் கூடுதலாகக் குடிக்கிறாரா? நான் ஏமாற்றியதால்தான்—

அப்பா இன்று இரண்டு ஷிஃப்ட். பயிற்சிக்குப் போகும் முன் பழைய ஆர்டர்களை முடித்துக் கொடுக்க வேண்டுமாம். நான் தூங்கிய பிறகுதான் வருவார். போன் அடித்தேன், மெஷின் ஓடும்போது அவர் எடுக்கமாட்டார், எடுக்கவில்லை. அம்மாவிடம் இப்போதே சொல்லலாம். சொல்லப் போனேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே, அப்பா பயிற்சிக்குப் போட்டுக்கொள்ள எந்தச் சட்டை நன்றாக இருக்கும் என்று கேட்டாள். நீலம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காலையில் அப்பாவிடமே சொல்லிவிடுகிறேன். ஜோக் இல்லாமல். முதல் வார்த்தையில் இருந்து.

டிசம்பர் 3, புதன்

நான் எழும்போது அவர் போயிருந்தார்.

டிசம்பர் 3, ஆஸ்பத்திரி வராந்தா

பத்தே கால் மணிக்கு. புது ரோல் ஏற்றக் குனிந்தார். நிமிரவில்லை. விழவும் இல்லையாம். குனிந்தபடியே முட்டி மடங்கி, மெஷின் மேலேயே சரிந்திருக்கிறார். உருளை ஓடிக்கொண்டிருந்தது. கத்தி மாமா பாய்ந்து வந்து சிவப்பு பட்டனை அடித்தார். அப்பாவின் சட்டைக் கை இழுபட்டு முழங்கை வரை கிழிந்திருக்கிறது. கை இருக்கிறது. கை இருக்கு, கை இருக்கு.

கத்தி மாமா என்னையும் அண்ணனையும் பள்ளியில் இருந்தும் கல்லூரியில் இருந்தும் அள்ளிக்கொண்டு வந்தார்.

உள்ளே ஒரு பெட்டி அப்பாவின் நெஞ்சை எழுதிக்கொண்டிருக்கிறது. கோடு ஒழுங்காகப் போகிறது, போகிறது, திடீரென்று கிறுக்குகிறது, மறுபடி ஒழுங்காகிறது. கிறுக்கும்போதெல்லாம் நர்ஸ் திரும்பிப் பார்க்கிறாள்.

பிபி நூற்றுத் தொண்ணூறு.

டாக்டர் அம்மா வந்து அம்மாவிடம் கேட்டாள், என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று. அம்மா பிபி மாத்திரை இரண்டையும் பெயர் பிசகாமல் சொன்னாள். வேறு?

"வேற ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள் அம்மா.

பொய் இல்லை. அம்மாவுக்கு அது மருந்தே இல்லை. மூலிகை.

டாக்டர் எழுத ஆரம்பித்தாள். நான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். உள்ளே கோடு ஒரு தடவை கிறுக்கியது.

"சிரப் குடிக்கிறார்" என்றேன். "ஒரு மாசமா. அதிமதுரம் போட்டது. வீட்டுல இருக்கிறது சிரப் இல்ல, நான் மாத்திட்டேன். அச்சகத்துல ஒண்ணு வெச்சிருக்கார். எவ்வளவுன்னு தெரியாது."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுதமாட்டேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. அதற்கு நேரம் இல்லை அவளுக்கு. எத்தனை நாள், கடைசியாக எப்போது, எந்தக் கம்பெனி என்று வரிசையாகக் கேட்டாள். அந்தப் பாட்டிலை உடனே எடுத்து வரச் சொன்னாள். கத்தி மாமா ஓடினார். உள்ளே போகும்போதே நர்ஸிடம், பொட்டாசியம் ரிசல்ட்டுக்கு லேபை அவசரப்படுத்து, நீர் மாத்திரையை நிறுத்து என்றாள்.

மாமா கொண்டுவந்தது ஒரு பாட்டில் இல்லை. மூன்று. இரண்டு காலி. லாக்கருக்குள் இருந்ததாம். ஒன்றின் மேல் அப்பா, அச்சகத்து நீல மையில், தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார்: சிறப்பான சிரப்பு. கிளை அலுவலகம்.

டிசம்பர் 4, வியாழன்

பொட்டாசியம் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்ததாம். நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். வேகமாக ஏற்றக்கூடாதாம். வேகமாக ஏற்றினால் அதுவே நெஞ்சை நிறுத்திவிடுமாம். சொட்டு. சொட்டு. சொட்டு.

அளவு என்றால் என்ன என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 5, வெள்ளி

கிறுக்கல் குறைந்திருக்கிறது.

அண்ணன் என்னோடு பேசவில்லை. ஒரு தீர்ப்பாவது சொல்லித் தொலைத்தால் தேவலை.

டிசம்பர் 6, சனி

கண் விழித்து ஒழுங்காகப் பேசினார். முதலில் கேட்டது, ரோல் என்ன ஆயிற்று, கிழிந்துவிட்டதா. இரண்டாவது, பதினைந்தாம் தேதிக்குள் விட்டுவிடுவார்களா.

டாக்டர் அம்மா சுற்றி வளைக்கவில்லை. சிரப்பை நிறுத்தினாலும் அது செய்த வேலை உடம்பை விட்டுப் போக இரண்டு வாரமாவது ஆகும், அதுவரை பளு தூக்கக்கூடாது, படியேறுவதுகூடப் பார்த்துத்தான் என்றாள். அப்புறம் கதவுப் பக்கம் என்னை மட்டும் நிறுத்தி, அன்றைக்கு நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நாங்கள் காரணத்தைத் தேடிக்கொண்டு இருந்திருப்போம், நீர் மாத்திரையும் ஓடிக்கொண்டு இருந்திருக்கும் என்றாள்.

நன்றி சொல்கிறாளா, குற்றம் சொல்கிறாளா? பத்து நாள் முன்னால் திறந்திருந்தால் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

அம்மா இன்று பேசினாள். வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, திடீரென்று.

"என்கிட்ட வந்து அம்மா தப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை. நான் உன்னை என்ன பண்ணியிருப்பேன்? கொன்னுருப்பேனா?"

அடுத்த துணியை உதறிக்கொண்டே அவளே, நானும்தான் இரண்டாவது பாட்டிலை வாங்கி வந்தேன், நாள் முழுக்க அடுத்தவன் கண்ணுக்குப் பொடி எழுத்து தெரிகிறதா என்று பார்க்கிற கடையில் வேலை செய்துகொண்டு, என்றாள். அவள் கண்ணாடிக் கடையைச் சொல்கிறாள். அழுதாள். நானும். பக்கத்து அறையில் இருந்து அண்ணன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்தான். மடித்த துணியை எல்லாம் தப்புத் தப்பாக அடுக்கினான்.

டிசம்பர் 11, வியாழன்

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்று மாடியையும் அண்ணனும் கத்தி மாமாவும் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ராஜா மாதிரி இருக்கிறீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

டிசம்பர் 13, சனி

அப்பாவிடம் சொன்னேன். கிழவி வேஷத்தில் தொடங்கி, தொட்டியில் கவிழ்த்தது வரை. அவருக்குப் பாதி அம்மா சொல்லித் தெரிந்திருந்தது. சர்க்கரைத் தண்ணீர் விஷயம் தெரியாது போல. அந்த இடம் வந்ததும் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"இஞ்சி போட்டியா?"

"போட்டேன்."

"அதான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு வீரியம் இல்லன்னு தோணுச்சு. அங்கே போய் பாட்டிலோட கவுத்துக்கிட்டேன். அதுவும் நான்தான், நீ இல்ல" என்றார்.

திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருந்தால்கூட எங்கே வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

டிசம்பர் 15, திங்கள்

கத்தி மாமா பயிற்சிக்குக் கிளம்பினார். கூட இன்னொருவர், சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகிறதாம். மாமா கிளம்பும் முன் வீட்டுக்கு வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா அவருக்குப் பழைய மெஷினின் வம்புகளை எல்லாம் சொல்லிக் கொடுத்தார், புதுசுக்கு அதெல்லாம் வராது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தும். அவர் போன பிறகு அந்த நீலச் சட்டையை அம்மா திரும்ப பீரோவில் வைத்தாள்.

டிசம்பர் 17, புதன்

மருந்துக்கடைக்குப் போனேன், அப்பாவின் புது மாத்திரைச் சீட்டோடு. அக்கா கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். எனக்குப் பின்னால் ஒரு பையன் சளிக்கு ஏதாவது கொடுங்கள், எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்றான். யாருக்கு, வேறு என்ன மாத்திரை எடுக்கிறார்கள் என்று அக்கா தொடங்கினாள். அவன் அலுத்துக்கொண்டான்.

"கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க" என்றேன் நான். குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. கடையே திரும்பிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

பிபி நூற்று முப்பத்தாறு. கால் வீக்கம் வற்றிவிட்டது. அடுத்த வாரம் வேலைக்குப் போகலாம், ஆனால் மெஷினுக்கு இல்லை. உட்கார்ந்து அச்சைச் சரிபார்க்கும் மேஜையில் போடுகிறார்கள். சரி என்று சொல்லிவிட்டார்.

மத்தியானம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். அப்பா சோபாவில் உட்கார்ந்து கத்தி மாமாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார், புது மெஷின் எப்படி ஓடுகிறது என்று. இரண்டு மணி மாத்திரைக்கு நேரமாகிவிட்டது. நான் சீட்டைப் பார்த்து மாத்திரையை எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாத்திரையை வாயில் போட்டார். டம்ளரை வாங்கினார். போனில் மாமா ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டே டம்ளரை உதடு வரை கொண்டுபோனவர், ஒரு கணம் நிறுத்தி, முகர்ந்து பார்த்தார்.

அவருக்கே தெரியாது, அப்படிச் செய்தோம் என்று. பேச்சு நிற்கவே இல்லை. முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.